துணி போர்த்திய கார்

அண்ணன் வாங்கிவந்த காரைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, அது காரா என்பதுதான். கேட்டது அண்ணி. மேலப்புதூரில் எங்கள் வாசலில், ஒரு சின்ன லாரியிலிருந்து பலகை சாய்த்து உருட்டி இறக்கிய அந்தப் பொருளுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. உடம்பு முழுக்க இரும்புக் குழாய்க் கூடு. கூட்டின் மேல் தகரம் கிடையாது. மெரூன் நிற ரெக்ஸின் துணியை இழுத்துப் போர்த்தி, ஓரமெல்லாம் திருகுப் பொத்தான்களால் மாட்டியிருந்தார்கள். பாதித் துணியை எலி தின்றிருந்தது.

"இதுல யாருங்க உக்காருவாங்க?" என்றாள் அண்ணி.

"ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்," என்று சொல்லிவிட்டு, அண்ணன் தன் கைக்குட்டையால் அதன் முன்விளக்கைத் துடைக்கத் தொடங்கினான்.

அவன் பொன்மலையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எட்டு வயதில் ஒரு நாள் அப்பாவோடு பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது இந்த வண்டி எதிரே வந்ததாம். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓட்டிக்கொண்டு போனாளாம். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நம்பியதில்லை. துணியால் செய்த கார் என்று சொல்கிற ஆளை யார் நம்புவார்கள்.

போன வருடம் அவனுடைய பழைய ரயில்வே நண்பர் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் விசித்திரமான மூன்று சக்கர வண்டி கிடக்கிறது என்று சொன்னார். அண்ணன் அன்றைக்கே போனான். திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் தொழிற்சாலை எழும்பிய காலத்தில் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஊர் திரும்பும்போது, கூட வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துக்காரரிடம் இந்த வண்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஸ்ரீரங்கத்துக்காரரும் இப்போது இல்லை. அவர் மனைவி மட்டும் இருந்தார். கொட்டகைக் கூரை விழும் நிலையில் இருந்ததால், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. வலது கால் சூம்பிவிட்டது. இடது கால் பாதி பலத்தோடு தப்பியது. காலில் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பேன். பள்ளிக்கூடத்துக்கு அண்ணனின் சைக்கிள், கல்லூரிக்கு அண்ணனின் மொபெட், வங்கியில் வேலை கிடைத்தபோது அண்ணனின் ஸ்கூட்டர். பல வருடம் கழித்துத்தான் பக்கச் சக்கரம் வைத்த சொந்த ஸ்கூட்டர் வந்தது. தில்லை நகர்க் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்வரை என் கால் யாருக்கும் தெரியாது. எழுந்து ஒரு ஃபைல் எடுக்கப் போனால் போதும், எதிரே நிற்பவரின் குரல் மாறிவிடும். திடீரென்று மெதுவாக, தெளிவாகப் பேசுவார்கள், எனக்குக் காதும் கேட்காது என்பதுபோல. ஓய்வு பெறும்வரை அது எனக்குப் பழகவேயில்லை.

வண்டியை அண்ணன் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டான். மெக்கானிக் அவனைவிட இருபது வயது இளையவர். எஞ்சினைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தோஷம். "இது நம்ம ரோட்ல ஓடுச்சே அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் பைக், அதோட எஞ்சின்தான் சார். பிஸ்டன், செயின் எல்லாம் கிடைச்சிரும்," என்றார். செக் நாட்டு மோட்டார் சைக்கிளை நம் நாட்டில் உரிமம் வாங்கிப் பல வருடம் செய்தார்கள். அந்த உறவு இப்போது பயன்பட்டது. துணிக்கும் கவலையில்லை. இரண்டு கடை தள்ளி ஆட்டோவுக்கு டாப் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் வண்டியைச் சுற்றிவந்து, "ஆட்டோவோட அண்ணன் மாதிரி இருக்கு," என்று அளவெடுத்துக்கொண்டு போனார்.

துணிக்கு நிறம் தேர்ந்தெடுக்க அண்ணன் என்னைக் கூப்பிட்டிருந்தான். பழைய துணியெல்லாம் உரித்த பிறகு வண்டி குழாய்க் கூடாக நின்றது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தது. அதன் சக்கரத்துக்கு அடியில் ஒரு இரும்பு வளையம். இருக்கைக்கு வலப்பக்கம் நீளமான கைப்பிடி, இடப்பக்கம் குட்டையாக இன்னொன்று. காலடியில் வெறும் பலகை. பெடல் எதுவுமே இல்லை.

"நடுவுல யாரோ உள்ளூர்ல பண்ண வேலை அக்கா," என்றார் மெக்கானிக். "இதையெல்லாம் அறுத்து எடுத்துட்டு ஒழுங்கா பெடல் வச்சிரலாம்."

அண்ணன் கைப்பேசியில் வெளிநாட்டு ஆட்கள் போட்டிருந்த படங்களைக் காட்டினான். அதே வண்டிதான். எல்லாவற்றிலும் பெடல் இருந்தது.

நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அது சுலபமாக இல்லை. இருக்கை தரையை ஒட்டி இருந்தது. காலிப்பரின் பூட்டை விடுவித்து, குழாயைப் பிடித்து, பக்கவாட்டில் சரிந்துதான் உட்கார முடிந்தது. உட்கார்ந்ததும் கை தானாக வலப்பக்கம் போனது. நீளக் கைப்பிடியை அழுத்தினேன். அடியில் ஒரு கம்பி நகரும் சத்தம் கேட்டது. பிரேக். இடக்கைக் கைப்பிடி கிளட்ச். சக்கரத்துக்கு அடியில் இருந்த வளையத்தை விரலால் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். மூன்றும் எட்டித் தேட வேண்டிய இடத்தில் இல்லை. யாரோ ஒரு உடம்பை நன்றாக யோசித்து வைத்த இடங்கள் அவை. எனக்குப் புரிந்துவிட்டது. தப்பாக இருந்தால் அசிங்கமாகிவிடுமே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரு வாரம் எதையும் அறுக்காதீங்க," என்றேன். "அந்த மாமிகிட்ட ஒருதடவை கேட்டுட்டு வந்துரலாம்."

"அவங்களுக்கு வண்டியப் பத்தி என்ன பாப்பா தெரியும்," என்றான் அண்ணன். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனான்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் கதவைத் திறந்த மாமிக்கு எண்பதை நெருங்கும் வயது இருக்கும். ஒன்பது கஜத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, "வாங்கோ, உள்ள வாங்கோ, தீர்த்தம் சாதிக்கட்டுமா?" என்றார். நான் படியேறி வந்து நாற்காலியில் உட்காரும்வரை என் காலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைப்போலப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பவில்லை.

"அவளும் இப்படித்தான் இரும்பு மாட்டிண்டிருப்பா," என்றார். "ரெண்டு கால்லயும்."

"யாரு மாமி?"

"வண்டிக்காரிதான். அந்த வெள்ளைக்காரரோட ஆம்படையா. அவளுக்காகத்தான் கப்பல்ல அந்த வண்டிய வரவழைச்சார்."

அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

மாமி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. வெளியே தனியாகப் போகும் பழக்கமில்லை. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனோடு வருவாள். பிறகு தனியாகவே வர ஆரம்பித்தாள். வாசற்படி அவளால் ஏற முடியாது. அதனால் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திக் காத்திருப்பாள். நடக்க முடியாத பெண் வாசலில் வந்து நிற்கிறாளே, போய்க் கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு வா என்று மாமியாரே அனுப்பினாராம். மாமி போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வார். அம்மா மண்டபம் படித்துறை வரை ஒரு சுற்று போய்வருவார்கள். இவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவளுக்கும் நாலு வார்த்தைதான். ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொள்வார்களாம்.

"ஆத்து ஜலத்தக் காட்டி வோதா வோதாம்பா. நான் தீர்த்தம்னு சொல்லிக் குடுத்தேன். அவ வாயில அது நுழையவேயில்லை." மாமி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "முக்கொம்பு அணை வரைக்கும், அத்தனை தூரம் போயிருக்கோம், தெரியுமோ. அம்மா மண்டபம்னு சொல்லிட்டு. எங்க மாமியார் பரமபதிக்கற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அந்தத் தம்பதி ஊர் திரும்பும்போது, வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொன்னவரும் மாமிதான். "அவர் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். கால் சும்மா இருக்கு, கைதான் எல்லாம் பண்ணணும். எதிராத்துத் திண்ணைத் தூண்ல போய் முட்டிட்டார். அப்பறம் தொடவேயில்லை. நான் ஓட்டறேன்னு அந்தக் காலத்துல கேட்க முடியுமா."

திரும்பி வரும்போது காவிரிப் பாலம் தாண்டியதும் அண்ணன், "பெடலையும் வச்சு, கைப்பிடியையும் விட்டு வச்சா என்ன?" என்றான்.

"அவ்வளவு சின்ன வண்டியில அதுக்கு எடம் ஏது?"

"அப்ப நான் எப்படி ஓட்டுறது? எட்டு வயசுலேர்ந்து நெனச்சுக்கிட்டிருக்கேன் பாப்பா."

"நான் ஓட்டுறேன்."

அவன் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தான். "இத்தனை வருஷத்துல நான் உன்னைக் கூட்டிட்டுப் போகாத எடம் ஏதாவது இருக்கா?"

"இல்லண்ணே. அதனாலதான் கேக்குறேன்."

அவனுக்கு அது சுட்டுவிட்டது. நான் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னைச் சுமந்து சுமந்தே வளர்ந்தவன் அவன். மழையில் தன் சட்டையைக் கழற்றி என் காலிப்பர்மேல் போர்த்தி ஓட்டுவான், இரும்பு துருப்பிடிக்கக் கூடாதென்று. அவனிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒருமுறை அவன் பக்கத்தில் உட்கார, நான் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பக்கச் சக்கர ஸ்கூட்டரில் அவன் ஏறியதே இல்லை. கேட்டால், ஒனக்கு பாரம் ஆயிரும் என்பான்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் மாடியறையில் உட்கார்ந்து அந்த வண்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு சின்ன செக் ஊரில் சைக்கிள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் போர்க்காலத்தில் யோசித்த வண்டி அது. இரும்புத் தகடு கிடைக்காத காலம். கார் வாங்க யாரிடமும் வசதி இல்லை. குழாயை வளைத்துக் கூடு செய்து துணி போர்த்தினார்கள். பிறகு அரசாங்கம், போரிலும் விபத்திலும் நோயிலும் கால் போனவர்களுக்கு அந்த வண்டியை ஒதுக்கியது. நடக்க முடியாதவர்களுக்கென்றே கையால் ஓட்டும் வகையும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. மெக்கானிக் உள்ளூர் வேலை என்று நினைத்தது அதைத்தான். அண்ணன் தம்பியில் ஒருவர் புது மாதிரி ஒன்றை ஓட்டிச் சோதித்தபோது விபத்தில் இறந்துபோனார். இன்னொருவர் வேலையைத் தொடர்ந்தார். ஐரோப்பாவில் அந்த நாட்களில் இப்படிப் பல குட்டிக் கார்கள் வந்தன. பெட்ரோல் பஞ்சம் தீர்ந்து, கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் பெரும்பாலானவை காணாமல் போயின. இது மட்டும் வெகுகாலம் ஓடியது. இதை ஓட்டியவர்களுக்கு மாற்று வண்டி எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணிதான் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சுக்கறதுக்கா அவ்வளவு கஷ்டப்பட்டு அந்தக் கட்டில் மாதிரி வண்டிய வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

அடுத்த நாள் அவன் பட்டறைக்குப் போயிருக்கிறான். மெக்கானிக் பிறகு என்னிடம் சொன்னார். அண்ணன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் கைப்பிடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு, "அப்படியே இருக்கட்டும். கைப்பிடிக்குப் புதுக் கம்பி மட்டும் போடுங்க," என்றானாம். என்னிடம் அவன் சாயங்காலம் வந்து, "துணி மெரூன்லயே போடட்டுமா?" என்று கேட்டான். போடச் சொன்னேன்.

வண்டி தயாராகவும், பழைய பதிவைப் புதுப்பிக்கவும் பல மாதம் ஆனது. பட்டறை முற்றத்தில் நான்தான் முதலில் பழகினேன். கால் ஓய்ந்திருக்க, கைகளே எல்லாம் செய்வது எனக்குப் புதிதல்ல. பின்னால் எடுப்பதுதான் வேடிக்கை. அதற்குத் தனி கியர் கிடையாது. எஞ்சினை அணைத்து, எதிர்ப்பக்கம் சுற்றும்படி மறுபடி கிளப்ப வேண்டும். பிறகு முன்னால் உள்ள நான்கு கியரும் பின்னாலும் உண்டு. விரும்பினால் அதே வேகத்தில் பின்னாலேயே ஊர் போய்ச் சேரலாம். மெக்கானிக் இதை அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டினார்.

ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் நானும் அண்ணனும் முக்கொம்புக்குக் கிளம்பினோம். கரூர் ரோட்டில், காவிரியை ஒட்டிய பாதை. அண்ணன் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தான். எதிரே பஸ் வந்தபோதெல்லாம் அவனுடைய வலது கால் பலகையை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்லண்ணே," என்றேன்.

"தெரியும். கால் அது பாட்டுக்குப் போகுது."

குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் அவனுடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது. வெளியே பார்க்க ஆரம்பித்தான். "இந்த ரோட்டுல இவ்வளவு வாழைத்தோப்பு இருக்கா?" என்றான். அந்த ரோட்டில் எத்தனையோ முறை வண்டி ஓட்டிப் போனவன் அவன். "ஓட்டும்போது ரோட்டத்தான பாப்போம். நீ இதெல்லாம் பாத்துக்கிட்டேதான் வந்திருப்ப."

"ஆமா. உன் முதுகு மறைச்சது போக மிச்சத்த."

அவன் சிரித்தான். வண்டிக்குள் வெயில் ஏற ஏறக் கொதித்தது. துணிக் கார் குளிர் நாட்டுக்காகச் செய்தது. கதவுத் துணியின் பொத்தான்களைக் கழற்றிச் சுருட்டிவிட்டோம். பெட்ரோலும் எண்ணெயும் கலந்த புகை உள்ளே வந்தது. நான் கற்பனை செய்திருந்த பயணம் இவ்வளவு நாறவில்லை.

ஜீயபுரம் அருகே எஞ்சின் நின்றுவிட்டது. கிளப்பிக் கிளப்பிப் பார்த்தேன். அண்ணன் இறங்கித் தள்ளினான். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். வண்டி சட்டென்று உயிர்பெற்றது. நின்றால் மறுபடி அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வளையத்தை விடாமல் இழுத்துக்கொண்டே போய்விட்டேன். எஞ்சின் சத்தம் சீரானதும்தான் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் தூரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கு மூட்டுவலி உண்டு என்று தெரியும். அவ்வளவு தூரம் அவன் நடந்து நான் பார்த்ததில்லை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். நடுவில் நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான். நான் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தேன். மற்றவர்கள்தான் எப்போதும் எனக்காக நின்று, திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரக்கமாக இல்லை. சீக்கிரம் வந்து உட்காரட்டும், போகலாம் என்றுதான் தோன்றியது.

வந்து உட்கார்ந்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "விட்டுட்டே போயிட்டியே," என்றான்.

"நிறுத்தியிருந்தா திரும்பவும் தள்ளணும்."

"அதுவும் சரிதான். போ."

முக்கொம்பில் மதகுகள் தெரியும் இடத்தில் மர நிழலில் நிறுத்திவிட்டு, அண்ணி கட்டிக்கொடுத்த இட்லியை வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். சுற்றிலும் கூட்டம் கூடியது. படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கேள்விகளை அண்ணனிடம்தான் கேட்டார்கள். எந்த நாட்டு வண்டி, எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று. ஒவ்வொரு கேள்விக்கும் அவன், "ஓட்டுறவங்களக் கேளுங்க," என்று என் பக்கம் கையைக் காட்டினான். நான் பதில் சொன்னேன். யாருடைய குரலும் மாறவில்லை. காலிப்பர் உள்ளே, பலகையின்மேல், யார் கண்ணிலும் படாமல் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தை மாதத்தில் வெயில் தணிந்திருந்த ஒரு நாள், வண்டியை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோனோம். மாமி வாசலுக்கு வந்து அதை ஒருமுறை சுற்றிவந்தார். புதுத் துணியைத் தடவிப் பார்த்தார்.

"அவளோடது இன்னும் கொஞ்சம் மிருதுவா இருக்கும்," என்றார். பிறகு நேரே அண்ணனைப் பார்த்து, "நீங்க உள்ள உக்காந்துண்டு இருங்கோ. அடுப்புல பால் இருக்கு. பொங்காம பாத்துக்கோங்கோ," என்றார்.

இரண்டு இருக்கைதான் என்பதால் அண்ணன் மறுபேச்சில்லாமல் படியேறி உள்ளே போனான். மாமி மடிசாரைச் சுருட்டிக்கொண்டு என்னைவிடச் சுலபமாக உள்ளே இறங்கி உட்கார்ந்தார். அம்மா மண்டபம் போகலாமா என்று கேட்டேன். கூட்டமாக இருக்கும், கொள்ளிடக் கரைப் பக்கம் போ என்றார்.

கரையில் நிறுத்திக் கதவுத் துணியைச் சுருட்டிவிட்டோம். ஆற்றில் மணல்தான் அதிகம். நடுவில் ஒரு வாய்க்கால்போலத் தண்ணீர் ஓடியது. மாமி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்ததாம். பிறகு அவர்கள் நாட்டுக்குள் அயல்நாட்டு ராணுவம் நுழைந்தது என்று பேப்பரில் படித்து, மாமியின் கணவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் இவர்கள் எழுதியதற்கு எதற்கும் பதில் வரவில்லை.

"கொஞ்ச நாள் தினம் பெருமாள் சேவிக்கறச்சே அவளுக்கும் சேர்த்து வேண்டிண்டேன். அப்பறம் எனக்குக் குழந்தைகள் பொறந்தது, மறந்து போச்சு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் அவகிட்ட ஓட்டச் சொல்லித் தரயான்னு கேட்டிருக்கணும். அவ கண்டிப்பா சொல்லித் தந்திருப்பா," என்றார்.

"இப்ப வேணா புடிச்சுப் பாருங்க மாமி," என்று ஸ்டீயரிங்கைக் காட்டினேன். பக்கத்து இருக்கையிலிருந்தே எட்டி, வளையத்தில் விரலை வைத்தார். எஞ்சின் உறுமியதும் கையை எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். உறுமவிட்டுக் கேட்டார். போதும் என்று அவரே சொல்லும்வரை நான் எஞ்சினை அணைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். பால் பொங்கவில்லை. மாமி கலந்துகொடுத்த காபியைக் குடித்தோம். கிளம்பும்போது அவன் வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்த்தான்.

"கிளட்ச் வழுக்குச்சா?" என்று கேட்டான்.

"மூணாவது கியர்ல லேசா."

"நாளைக்கு அரியமங்கலம் போயிரலாம்," என்று சொல்லிவிட்டு, முழங்காலை மடக்கிப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.